விரலுக்கு விலை குறிக்கும் சட்டம்

எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்திலே ஒரு விலைப்பட்டியல் உண்டு. கடையிலே தொங்கும் பட்டியல் அரிசிக்கும் பருப்புக்கும் விலை கூறுவதுபோல, இப்பட்டியல் மனிதனுடைய அவயவங்களுக்கு வீதம் கூறுகிறது. முழுக்கை போனால் இவ்வளவு. மணிக்கட்டோடு போனால் இவ்வளவு. பெருவிரலுக்கு ஒரு வீதம், மற்ற விரல்களுக்கு வேறு வீதம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையே அது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் தொகைகள் இடையிடையே உயர்த்தப்பட்டன. சில பிரிவுகள் திருத்தப்பட்டன. ஆனால் ஒரு தொழிலாளியின் கையை ஒரே தடவையில் விலைபேசித் தீர்த்துவிடலாம் என்ற அதன் அடிப்படை எண்ணம் இன்றும் அசையாமல் இருக்கிறது. அந்த எண்ணத்தை எதிர்ப்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மலையகத்திலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கு தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே தொழிலாளர் அழைப்பர். அந்த ஸ்டோரில் வேலைசெய்த ஒருவரை அவருடைய லயத்திலே சந்தித்தேன். வலக்கையில் பெருவிரல் மாத்திரம் எஞ்சியிருந்தது. நடந்ததை அவர் சில வார்த்தைகளிலே சொன்னார்.

“ரொட்டர்வேன்ல கொழுந்து எறங்காம அடைச்சிருச்சி மாஸ்டர். மெசின நிப்பாட்டுனா வேல நிக்கும். மேல உள்ளவங்க சத்தம் போடுவாங்க. கைய விட்டுத் தள்ளுறதுதான் அங்க வழக்கம். எல்லாருந்தான் செஞ்சோம். அன்னைக்கி என் கையப் புடிச்சி இழுத்துருச்சி.”

ரொட்டர்வேன் என்பது, வீட்டில் இறைச்சி அரைக்கும் சிறு பொறியைப் பன்மடங்கு பெருப்பித்தது போன்ற இயந்திரம். உருளை வடிவான கூட்டினுள்ளே தகடுகள் பூட்டிய தண்டு சுழன்று, வாடிய கொழுந்தை நசுக்கி முன்னே தள்ளும். அதற்குக் கொழுந்தென்றும் விரலென்றும் பேதம் தெரியாது. ‘சீ.ரீ.சீ.’ எனப்படும் இயந்திரம் இன்னும் கொடியது. பல்வெட்டிய இரண்டு உருக்கு உருளைகள் எதிரெதிராகச் சுழலும்; ஒன்றின் வேகம் மற்றதனுடையதைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்கு. றப்பர்த் தொழிற்சாலையிலே பாலைத் தகடாக்கும் உருளைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இரு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் இடத்தில் விரல்நுனி அகப்பட்டாற் போதும்; விரலைத் தொடர்ந்து கை, கையைத் தொடர்ந்து முழங்கை என இழுத்துக்கொண்டே போகும். தோல், கையுறை கழல்வதுபோல உரிந்து வரும். “அவன் கையுறை போடவில்லை” என்று நிர்வாகத்தார் சிலர் குறைகூறுவதுண்டு. சுழலும் உருளைக்கு அருகே கையுறைதான் முதலில் சிக்கும். கையையும் உடன் இழுத்துச் செல்லும் என்பதைக்கூட அவர்கள் அறியார்கள், அல்லது அறிய விரும்பார்கள்.

அந்த விபத்தைப் பற்றித் தோட்ட நிர்வாகம் எழுதிய அறிக்கையில் காரணம் ஒரே சொல்லில் முடிந்திருந்தது: கவனக்குறைவு.

இந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிப்போம். தேயிலை வேலை இரவிலும் ஓயாது. கொழுந்து மலிந்த நாட்களிலே வாடிய இலையை மறுநாள்வரை வைத்திருக்க முடியாது. நள்ளிரவு தாண்டியும் தொழிலாளி நின்றபடியே வேலை செய்கிறான். கண் சொருகுகிறது. அடைத்துக்கொண்ட இயந்திரத்தை நிறுத்தினால் ஏச்சு. நிறுத்தாமல் கையால் தள்ளினால் பேச்சில்லை. கையால் தள்ளுவதை மேலாளரும் பார்த்திருக்கிறார், பார்த்தும் தடுத்ததில்லை. நூறு நாள் கை தப்பியபோது அதற்குப் பெயர் சுறுசுறுப்பு. நூற்றோராவது நாள் கை போனபோது அதற்குப் பெயர் கவனக்குறைவு! மனிதன் களைப்படைவான், தூங்குவான், ஒரு கணம் வேறெதையோ நினைப்பான் என்பது இயந்திரத்தை அமைத்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். அந்த ஒரு கணத்துக்குத் தண்டனையாகக் கையை வெட்டுவது எந்த நாட்டு நீதி?

தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை இங்கே உண்டு. கவனக்குறைவு என்ற சொல்லுக்கு நட்டஈட்டுச் சட்டத்தில் தொழிலாளியின் உரிமையைப் பறிக்கும் வலிமை கிடையாது. மதுவோ போதைப் பொருளோ உட்கொண்ட நிலையில் விபத்து நேர்ந்திருந்தால், பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புக்காகப் பூட்டிய சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியிருந்தால், அப்பொழுதுதான் முதலாளி தப்ப வழியுண்டு. அசதியும் மறதியும் அப்பட்டியலில் இல்லை. அப்படியிருந்தும் அறிக்கைகளில் இச்சொல் இடம்பெறுவதேன்? எழுத்தறிவு குறைந்த தொழிலாளியை “பிழை என்னுடையதுதானே” என்று தலைகுனிய வைப்பதற்கு. தலைகுனிந்தவன் உரிமை கேட்கமாட்டான் அல்லவா?

இனி, சட்டம் முதலாளிக்கு விதிக்கும் கடமையைப் பார்ப்போம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரத்தின் அபாயகரமான பாகங்கள் யாவும் உறுதியாக வேலியிடப்பட வேண்டுமென்கிறது. இலையிடும் வாயின் மேல் கை எட்டாத உயரத்துக்கு ஒரு கூடு. அக்கூட்டைத் திறந்தால் தானாகவே இயந்திரம் நின்றுவிடும் ஓர் அமைப்பு. உருளைகளுக்கு முன்னே, உடல் சாய்ந்தாலும் ஓட்டத்தை நிறுத்தும் ஒரு குறுக்குச் சட்டம். அடைப்பை நீக்கு முன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பை வேலைசெய்பவனே தன் மடியில் வைத்திருக்கும் ஒழுங்கு. தகடு அழுத்தும் பொறியாயின், இரண்டு கைகளும் இரண்டு பொத்தான்களில் இருந்தாலன்றி இறங்காத அமைப்பு. இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. எதுவும் எட்டாத விலையுடையதுமன்று. ஆனால் கூடு பூட்டினால் துப்புரவாக்க நேரமெடுக்கும். நிறுத்தித் திறந்தால் உற்பத்தி குறையும். தொழிலாளியின் கை அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. கூட்டினால் வரும் நட்டம் நாள்தோறும் கணக்கில் ஏறும். கை போவதால் வரும் நட்டமோ முதலாளியின் கணக்கில் ஒரே ஒரு வரிதான். இந்த வரி சிறியதாக இருக்கும்வரை கூடு வராது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. இயந்திர நாகரிகத்தின் தாயகமாகிய இங்கிலாந்திலே 1844 இல் ஆலை இயந்திரங்களுக்கு வேலியிடச் சட்டம் வந்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? 1855 இல் மான்செஸ்டரிலே ஒரு சங்கம் அமைத்து, வேலியிடுவதை எதிர்த்து வழக்காடவும் அபராதங்களைத் தாங்களே செலுத்தவும் நிதி திரட்டினார்கள். நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகை, தொழிலாளரைச் சிதைப்பதற்கென்றே அமைந்த சங்கம் என்று அதனை எள்ளி நகையாடியது. ஆலைகளில் அரைபட்ட கைகளைப் பற்றி அப்பத்திரிகை தொடர்ந்து எழுதிற்று. அயர்லாந்தின் கோர்க் நகருக்கு அருகே சணல் நார் பிரிக்கும் ஓர் ஆலையில் 1852 முதல் 1856 வரை ஆறு பேர் மாண்டதையும், அறுபது பேர் அங்கவீனமானதையும், அவை யாவும் சில சில்லிங் செலவில் தடுத்திருக்கக் கூடியவை என்பதையும் கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில் எடுத்துக்காட்டினார். சில்லிங் ரூபாவாயிற்று, சணல் தேயிலையாயிற்று. கணக்கு மாத்திரம் மாறவில்லை.

நட்டஈட்டுச் சட்டத்தின் பிறப்பையும் அறிந்துகொள்ளல் நன்று. 1837 இல் ஆங்கில நீதிமன்றமொன்று, உடன் வேலை செய்பவனுடைய தவறால் காயமுற்ற தொழிலாளிக்கு எசமான் பொறுப்பல்ல என்ற கோட்பாட்டுக்கு அடிகோலிற்று. அதன் பின்னர் அறுபது ஆண்டுகளாகக் கையிழந்தவன் கையிழந்ததோடு வீடு போய்ச் சேர்ந்தான். தொழிலாளர் இயக்கத்தின் நெருக்குதலால் 1897 இல் அங்கு நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. அது ஒரு பேரம். முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக முழு நட்டத்தையும் அவன் கேட்கவும் முடியாது. குறித்த சிறு தொகையோடு திருப்தியடைய வேண்டும். இந்தப் பேரத்தின் பிரதியே 1934 இல் எமக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அது ஒரு முன்னேற்றமே. அதனை மறுப்பது நன்றிகேடு.

ஆனால் 1948 இல் நடந்ததைக் கவனியுங்கள். அவ்வாண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு யூலை 5 ஆம் திகதி, பிரித்தானியா தன்னுடைய பழைய நட்டஈட்டுச் சட்டத்தைக் கைவிட்டு, தொழிலில் காயமுற்றவனுக்கு அரசு நிதியிலிருந்து வாரந்தோறும் ஓய்வூதியம் கொடுக்கும் முறையை நடைமுறைப்படுத்திற்று. அதே 1948 இல் இந்தியா ஊழியர் அரசக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி நிரந்தர இயலாமை அடைந்த தொழிலாளிக்கு ஆயுள் முழுவதும் கொடுப்பனவு உண்டு. அந்தச் சட்டம் அங்கு எல்லாத் தொழிலாளரையும் எட்டவில்லை என்பது உண்மை. ஆயினும் பாதை வகுக்கப்பட்டது. செர்மனியோ 1884 இலேயே விபத்துக் காப்புறுதியையும் ஓய்வூதியத்தையும் கண்டுவிட்டது. நாம் மாத்திரம், ஆண்டவன் கழற்றி எறிந்த பழைய கோட்டைச் சுதந்திரத்தின் சின்னமென அணிந்துகொண்டோம். 1964 இல் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 121 ஆம் இலக்கச் சமவாயம், நிரந்தர இயலாமைக்குக் காலமுறைக் கொடுப்பனவே உரியது என்று உலகுக்குக் கூறியது. அந்த வழியில் நாம் நடக்கவில்லை. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்கு மாறிற்று. துரைமார் மாறினர், கொடி மாறிற்று, விலைப்பட்டியல் மாறவில்லை.

“தொகையை உயர்த்திவிட்டோமே” என்பார்கள். உயர்த்தினார்கள்தாம். 2005 இல் உச்சத்தொகை 5,50,000 ரூபாவாக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் அது அங்கேயே நின்றது. 2022 இலே பொருளாதாரம் சரிந்து, பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்த ஆண்டில், அதனை 20,00,000 ஆக்கினார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களும் அப்பொழுது சேர்க்கப்பட்டன; அது வரவேற்கத்தக்கது. ஆயினும் கணக்குப் பார்ப்போம். இருபத்தைந்து வயதில் முற்றாக இயலாதவனாகிவிட்ட ஒருவனுக்கு உச்சத்தொகை முழுவதும் கிடைக்கிறதென்றே கொள்வோம். ஐம்பத்தைந்து வயதுவரை முப்பது ஆண்டுகள், அதாவது 360 மாதங்கள். மாதமொன்றுக்கு வருவது ஏறக்குறைய 5,555 ரூபா. பாதி இயலாமை என்று வைத்தியர் மதித்தால் அதுவும் பாதியாகும். சம்பளம் குறைந்தவனுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. ஒரு குடும்பம் இதில் எத்தனை நாள் அடுப்பு மூட்டும்?

அந்தப் பணமும் மாதமாதமாக வருவதில்லை, மொத்தமாக வருகிறது. வழக்கு முடிந்து கைக்கு வருமுன் கடன் வட்டியோடு காத்திருக்கிறது. நகைகள் அடகில் இருக்கின்றன. மிஞ்சியதில் ஒரு பெட்டிக்கடை போடுகிறான். லயத்துக்கு லயம் கடன் கொடுத்து அதுவும் மூடப்படுகிறது. இரண்டாண்டில் பணம் இல்லை, கையும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நட்டத்துக்கு ஒரு நாட் கொடுப்பனவு எவ்வாறு ஈடாகும்?

இன்னொன்றும் உண்டு. அட்டவணை விரலை எண்ணுகிறதேயன்றி மனிதனின் தொழிலை எண்ணுவதில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்தே கொழுந்து கிள்ளுகின்றன, ஊசியைப் பிடிக்கின்றன, பேனாவையும் பிடிக்கின்றன. ஒரு கணக்கருக்கு இடக்கைச் சுண்டுவிரல் போனால் வேலை போகாது. ஒரு தச்சனுக்கு அதே விரலின்றி உளிப்பிடி தளர்ந்துவிடும். மனைவி குழந்தையின் தலைவார, தான் சட்டைப் பொத்தான் போட, பிறர் உதவியை எதிர்பார்க்கும் அவமானத்துக்கு எந்த அட்டவணையிலும் வீதம் இல்லை.

முதல் சில மணி நேரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1963 ஆம் ஆண்டு சனவரியில், ஷங்ஹாய் நகரின் ஆறாவது மக்கள் வைத்தியசாலையில், இயந்திரத்தால் மணிக்கட்டின் மேலே முற்றாகத் துண்டிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் வலக்கையை வைத்தியர் சென் சொங்வெய்யும் அவருடைய குழுவினரும் மீண்டும் பொருத்தினர். அக்கை பின்னர் வேலையும் செய்தது. துண்டான கை போனது போனதே என்ற விதி அன்றே உடைந்துவிட்டது. இப்பொழுது எங்கள் நாட்டிலும் இத்தகைய சத்திரசிகிச்சை தெரிந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் துண்டான பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி சதையில் நேரடியாகப் படலாகாது. நசுங்கிச் சிதைந்த விரலைப் பொருத்துவது அரிது. ஆனால் சுத்தமாகத் துண்டான எத்தனையோ விரல்கள் இவ்வறிவின்மையால் மாத்திரம் எறியப்படுகின்றன. நள்ளிரவிலே வேலை நடக்கும் ஸ்டோரில் இதனை அறிந்தவர் ஒருவர், ஒரு பெட்டி பனிக்கட்டி, ஒரு வாகனம் இவை மூன்றும் இல்லையாயின், அங்கே இயந்திரம் ஓட உரிமை இல்லை என்பேன்.

இருக்கும் உரிமையையேனும் முழுமையாகப் பெறுதல் வேண்டும். காயம் பட்டவுடன் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியைத் தொழிற்சங்கத்திடம் கொடுத்துவைக்க வேண்டும். உரிமை கோரக் காலவரையறை உண்டு. தாமதம் முதலாளிக்கே நண்பன். “நட்டஈடு கேட்கமாட்டேன்” என்று எழுதிக் கொடுத்த பத்திரம் சட்டத்தின் முன் செல்லாக்காசு. ஆதலால் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. எழுதிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரன் மூலம் வேலைக்கு வந்தவனும் அநாதையல்லன். யாருடைய தொழிலுக்காக அவ்வேலை ஒப்பந்தம் செய்யப்பட்டதோ அவரே நட்டஈட்டுக்குப் பொறுப்பாக்கப்படலாம். ஆட்பல நிறுவனங்களின் பெயரால் தொழிலாளரை நாட்கூலியாக எடுத்து, விபத்து நேர்ந்ததும் “எங்கள் ஆளல்ல” என்று கைவிரிப்போருக்கு இதனை எடுத்துக்காட்ட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய இயலாதபடி நேரும் தொழிற்சாலை விபத்தை அதிகாரிக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. அறிவிக்கப்படாத விபத்து நடக்காத விபத்தாகிவிடும். நடக்காத விபத்துக்கு வேலி யார் போடுவார்?

இவ்வளவும் இருந்தும் போதாது. எங்கள் கோரிக்கை நான்கு.

முதலாவது, ஒரே தடவை விலைபேசும் முறை ஒழிய வேண்டும். நிரந்தர இயலாமைக்கு ஆயுட்கால மாதாந்தக் கொடுப்பனவு வேண்டும். அது வாழ்க்கைச் செலவோடு உயர வேண்டும்.

இரண்டாவது, அதற்கென முதலாளிகளின் பங்களிப்பால் ஆன தேசிய நிதி வேண்டும். “நாடு தாங்காது” என்று கூறுவோருக்கு ஒரு பதில்: 1958 இன் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், 1980 இன் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். அவை வந்தபோதும் நாடு தாங்காது என்றே சொன்னார்கள். நாடு நிற்கிறது. செர்மனியிற் போல அபாயம் மிகுந்த தொழிலுக்குப் பங்களிப்பும் மிகுதியாக இருக்கட்டும். அப்பொழுது கூடு பூட்டுவது கை வெட்டுவதைவிட மலிவாகிவிடும்.

மூன்றாவது, கையிழந்தவனுக்கு அதே இடத்தில் அவனால் செய்யக்கூடிய வேலை உரிமையாக வேண்டும். தொழில் கொடுத்த காயம் தொழிலைப் பறிக்கலாகாது.

நான்காவது, அடைத்துக்கொண்ட இயந்திரத்தை நிறுத்தும் உரிமை, அதன் முன் நிற்கும் தொழிலாளிக்கே இருக்க வேண்டும். நிறுத்தியதற்காக ஒரு சொல்லும் கேட்க நேரலாகாது. சம்பளத்துக்காக மேசையில் அமரும் தொழிற்சங்கங்கள் இதனையும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும். கைக்குப் பாதுகாப்பின்றிக் கூலியை மாத்திரம் உயர்த்துவது, அரைக்கப்படும் கைக்கு விலையை உயர்த்துவதாகவே முடியும்.

நான் விடைபெற்றபோது அந்த நண்பர் மகளின் பழைய கொப்பியொன்றை எடுத்துக் காட்டினார். இடக்கையால் தம் பெயரை எழுதப் பழகுகிறார். பக்கம் பக்கமாக ஒரே பெயர். கோணலாகத் தொடங்கி மெல்ல மெல்ல நேராகி வருகிறது. நட்டஈட்டுப் பணத்துக்குக் கையெழுத்திடவே அந்தப் பயிற்சி. அந்தக் கையெழுத்து இன்னொரு தாளிலும் விழ வேண்டும். ஸ்டோர்களிலும் றப்பர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கட்டடங்களிலும் இன்னும் பத்து விரல்களோடு வேலை செய்பவர்களுடைய கையெழுத்துக்களும் அதனருகே விழ வேண்டும். மேலே கூறிய நான்கு கோரிக்கைகளும் எழுதிய தாள் அது.